ஆறு கிலோ கல்

அஸ்கத் ஜீப்பின் பின்கதவில் கொக்கித் தராசை மாட்டி, மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டான். முள் ஆடி நிற்கும்வரை காத்திருந்தான். நின்றதும் சுண்ணக்கட்டியால் மூட்டையின் மேல் எண்ணை எழுதினான். இருபது. அடுத்தது இருபது. அடுத்ததும் இருபது. ஒரு ஆளுக்கு இருபது கிலோ என்பது கம்பெனி விதி. சுமப்பவரின் சொந்தப் போர்வை, ரொட்டி, மழைக்கோட்டு இதில் சேராது. அவற்றை யாரும் நிறுப்பதில்லை.

உல்கான் விடியற்காலையிலிருந்து ஆற்றோர வேலியில் சாய்ந்து நின்றாள். மேலே ஏரிவரை ஏறி, கணவாயைத் தாண்டி, மறுபக்கத்து வெந்நீர் ஊற்றில் இறங்க ஆறு நாள். இந்தக் கோடையில் அவளுக்கு இதுதான் முதல் நடை. கரகோல் ஊரில் கம்பெனி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் சுமைக்காரர் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. போன வருடம் அந்தப் பட்டியலில் அவள் புருஷன் ஜிர்காலின் பெயர் இருந்தது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்கக்கா," என்று வழிகாட்டி அஸ்கத் காலையிலேயே சொல்லிவிட்டான். இருபத்தாறு வயது, காலேஜ் படித்தவன், ஜெர்மன் பேசுவான். "குடுத்தது குடுத்தபடி போய்ச் சேரணும். நீங்க ஜிர்கால் அண்ணன் பொண்டாட்டின்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். உங்க மேலதான் கண்ணு இருக்கும்."

ஜிர்காலுக்கு நடந்தது உல்கானுக்கு இன்னும் பிடிபடவில்லை. போன கோடையில் தலைநகரத்திலிருந்து கல் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். பனிப்பாறை ஓரத்தில் உடைத்தெடுத்த கற்களைத் துணிப்பைகளில் போட்டு, பைக்கு ஒரு எண் எழுதி, ஜிர்காலின் முதுகில் ஏற்றினார்கள். கணவாயில் அவன் முட்டி வீங்கிவிட்டது. யாரும் பார்க்காத ஒரு திருப்பத்தில் கற்களைக் கொட்டிவிட்டு வெறும் பைகளோடு இறங்கினான். கீழே ஆற்றில் அதே அளவுக்குப் பொறுக்கி நிரப்பிக் கொடுத்தான். கல் கல்தானே என்று நினைத்தான். பத்தாம் நாள், இவை தாங்கள் எடுத்த கற்களே இல்லை என்று ஆபீசுக்கு ஆள் வந்தது. அவன் பெயர்மேல் பேனாவால் இரண்டு கோடு. இப்போது சந்தையில் கூப்பிட்டால் மூட்டை இறக்கப் போகிறான். முட்டி இருக்கிற லட்சணத்தைப் பார்த்து அதிகம் பேர் கூப்பிடுவதில்லை. உல்கான் நான்கு முறை ஆபீஸ் வாசலில் போய் நின்ற பிறகுதான் இவள் பெயரை எழுதினார்கள்.

கூட வந்த சுமைக்காரர்கள் இரண்டு பேர். ஷம்ஷிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இருபது வருடமாகச் சுமக்கிறவர்; முதுகு வலித்தாலும் வாய் வலிக்காது. குபாத் புதிதாகக் கல்யாணமானவன், வாயே திறக்கமாட்டான்.

மூட்டையைப் பங்கு போட ஷம்ஷியின் சட்டைப்பையில் ஆட்டுக் கணுக்கால் எலும்புகள் மூன்று இருந்தன. தினமும் காலையில் ஆளுக்கு ஒன்றை உருட்ட வேண்டும். நிமிர்ந்து விழுந்தால் சாப்பாட்டு மூட்டை. எல்லோருக்கும் வேண்டியது அதுதான். நாளுக்கு நாள் குறையும் மூட்டை அது ஒன்றுதான். கூடாரமும் அடுப்பும் குறையாது. கேமராவும் குறையாது.

கேமராக்காரர் பெயர் ஹோல்கர். உயரமான, மெலிந்த, நரைத்த தாடிக்காரர். அவரிடமும் ஒரு சின்னத் தராசு இருந்தது, கட்டைவிரல் அளவு. அஸ்கத் எழுதிய எண்ணை அதில் இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டார். பிறகு மரப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து கிடந்த பெரிய கேமரா. காலுறைக்குள் சுருட்டி வைத்த இரண்டு லென்ஸ். படத்தாள் போட்ட தட்டையான கறுப்பு உறைகள் ஐந்து. நீர்க்குழாய் மாதிரி இருந்து, எடுத்தால் காற்றாய் லேசாக இருந்த முக்காலி.

"இருபத்தெட்டு கிலோ இருந்த சாமானை மூணு மாசமா உக்காந்து பதினேழாக்கியிருக்காராம்," என்று அஸ்கத் சொன்னான். "தலையில போத்திக்கிற கறுப்புத் துணியைக்கூட விட்டுட்டார். கோட்டையே போத்திக்குவாராம். பூதக்கண்ணாடிக்குப் பதிலா படிக்கிற கண்ணாடி. டூத் பிரஷ்ல பாதியை வெட்டிட்டார். தேவையில்லாத எடை இல்லாம எப்படி வர்றதுன்னு பத்திரிகையில எழுதப் போறார்."

"பல்லுல ரெண்டைப் பிடுங்கிட்டு வந்திருந்தா இன்னும் குறைஞ்சிருக்குமே," என்றார் ஷம்ஷி.

உல்கான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓரமாக இருந்த அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி நிழலில் வைத்தாள். தொட்டிலில் பிள்ளையை வைக்கிற மாதிரி வைத்தாள். ஹோல்கர் அதைப் பார்த்துவிட்டார். அஸ்கத்திடம் ஏதோ சொன்னார்.

"கேமரா மூட்டையை நீங்கதான் தூக்கணுமாம்க்கா. ஆறு நாளும். கை மாறக்கூடாதுங்கறார்."

ஷம்ஷி எலும்புகளை எடுக்கப்போன கையைச் சட்டைப்பையிலிருந்து வெறுமனே வெளியே எடுத்தார். "போச்சு. உனக்குக் குறையாத மூட்டை. பதனமா எடுத்தா இப்பிடித்தான் ஆகும். எதையும் முதல் தடவை தொம்முனு போடணும். இருபது வருஷத்துல நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."

முதல் படம் மதியம், ஆற்றங்கரையில். ஹோல்கர் முக்காலியை நிறுத்தி, கேமராவை விரித்து, கோட்டுக்குள் தலையை விட்டு வெகுநேரம் நின்றார். பள்ளத்தாக்கில் காற்று வீசியது. முக்காலி நடுங்கியது. அவர் தலையை வெளியே எடுத்து, ஒரு வலைப்பையோடு ஆற்றுக்குள் இறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை உல்கான் கண்கொட்டாமல் பார்த்தாள். தண்ணீரில் குனிந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்தார். கையில் ஏந்திப் பார்த்தார். வேண்டாமென்று போட்டார். இன்னொன்றை எடுத்தார். ஏழெட்டுக் கல்லைப் பையில் போட்டு, கட்டைவிரல் தராசில் தூக்கினார். தலையை ஆட்டிவிட்டு ஒன்றை எடுத்துச் சின்னதாக வேறொன்றைப் போட்டார். மறுபடி தூக்கினார். கடைசியில் ஒன்பது கல். முகம் மலர்ந்தது. பையைக் கொண்டுவந்து முக்காலியின் நடுவில் தொங்கவிட்டார். கற்கள் உரசாமல் இருக்க நடுவில் ஒரு துண்டைச் செருகினார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து எதையோ எழுதினார். கல் ஆராய்ச்சிக்காரர்களும் இப்படித்தான் எழுதினார்கள் என்று ஜிர்கால் சொல்லியிருந்தான்.

மேகம் விலக வேண்டுமென்று இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். ஹோல்கர் நல்ல மனுஷர். சாக்லேட்டை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். உல்கானைக் கூப்பிட்டுக் கோட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். உள்ளே இருட்டில் ஒரு கண்ணாடி ஒளிர்ந்தது. அதில் ஆறு மேலே ஓடியது. மலைகள் கீழ்நோக்கித் தொங்கின. ஷம்ஷி தலைகீழாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், ஒரு சொட்டும் சிந்தாமல். அவள் தலையை வெளியே எடுத்தபோது கொஞ்சம் தலை சுற்றியது.

"என்ன தெரியுது?" என்றார் ஷம்ஷி.

"நீங்க தலைகீழா தொங்குறீங்கண்ணே."

"அது ஆபீஸ்காரன் தொங்கவிட்டது. இவர் இப்பத்தான் பாக்குறாரு."

மேகம் விலகியது. ஹோல்கர் ஒரு கம்பியை அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இதற்கா மூன்று மணி நேரம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மூட்டை கட்டும்போது முக்காலியில் தொங்கிய பையின் முன்னால் தயங்கி நின்றாள். ஹோல்கர் ஆற்றில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அஸ்கத் சிக்னல் தேடி ஒரு பாறைமேல் ஏறி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்தக் கல்லு?"

"என்னக்கா?"

"கல்லும் உள்ளயா?"

"அவர் வெளிய எடுத்து வெச்சது எல்லாம் உள்ள போகணும்க்கா. காலையில சொன்னேனா இல்லையா? ஒண்ணு விட்டுப்போனாலும் நான்தான் பதில் சொல்லணும்." அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் துண்டோடு சேர்த்து ஒன்பது கல்லையும் மூட்டையின் அடியில் வைத்தாள்.

அன்று மாலை, ஏரிக்குக் கீழே பைன் மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டார்கள். மூட்டையை இறக்கியபோது அவள் தோளில் வார் பதிந்த இடம் சிவந்து தடித்திருந்தது. ஷம்ஷி உதவிக்கு அதைத் தூக்கியவர் பாதியில் கீழே வைத்தார்.

"உள்ள என்ன வெச்சிருக்கான், மாமியாளையா? இது இருபது இல்ல."

"கேமராதான்," என்றாள். கல் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜிர்கால் பொண்டாட்டி, கல் மூட்டை. கரகோல் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஷம்ஷிக்கு ஒரு குளிர்காலம் போதாது.

படுத்த பிறகும் அந்தக் கற்களே மனதில் ஓடின. டூத் பிரஷ்ஷைப் பாதியாக வெட்டுகிற மனுஷன் கல்லைத் தூக்கிவரச் சொல்வானா? சொல்லமாட்டான். ஆனால் வேண்டாத பொருள் என்றால் எதற்கு அத்தனை தடவை நிறுக்க வேண்டும்? ஆற்றில் ஆயிரம் கல் கிடக்க, எதற்கு ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும்? நோட்டில் என்ன எழுதினார்? ஜிர்காலும் ஒரு கணவாயில் நின்று இப்படித்தான் யோசித்திருப்பான். யோசித்துச் செய்த காரியத்தால்தான் பெயர்மேல் கோடு விழுந்தது. அவள் யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

மறுநாள் ஏரிக்கு ஏற்றம். மரங்கள் முடிந்து, சரளைச் சரிவு. ஒரு அடி ஏறினால் அரை அடி வழுக்கியது. ஹோல்கர் முன்னால் போனார். அவர் முதுகில் ஏழு கிலோ. ஆட்டுக்கிடா மாதிரி தாவினார். குபாத்துக்கு அன்று எலும்பு நிமிர்ந்து விழுந்திருந்ததால் சாப்பாட்டு மூட்டை. அவனும் முன்னால் போய்விட்டான். உல்கான் இருபது அடிக்கு ஒருமுறை நின்றாள். வாயில் போட்டிருந்த காய்ந்த தயிர் உருண்டை கரையவே இல்லை, எச்சில் ஊறவில்லை.

ஒரு திருப்பத்தில் முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை. மூட்டையை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, அடியில் கையை விட்டு ஒரு கல்லை எடுத்தாள். இருப்பதிலேயே பெரியது, ஒரு பக்கம் வெள்ளை ரேகை ஓடியது. பாதையோரம் வைத்தாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தாள். முப்பது அடி போயிருப்பாள். கட்டைவிரல் தராசு நினைவுக்கு வந்தது. அவர் நிறுப்பார். நிறுத்தால் தெரியும். தெரிந்தால் ஆபீசுக்கு ஆள் வரும். வேறு கல்லைப் பொறுக்கிப் போடலாம். அதைத்தான் ஜிர்கால் செய்தான்.

மூட்டையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுச் சறுக்கிக்கொண்டே இறங்கிப் போனாள். சரளைக்கு நடுவே எல்லாக் கல்லும் ஒரே மாதிரி தெரிந்தது. வெள்ளை ரேகையைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமானது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

ஏரிக்கரைக்கு அவள் வந்து சேர்ந்தபோது வெயில் பனிப்பாறையை விட்டுப் போய்விட்டது. ஹோல்கர் கைக்கடிகாரத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். கேமரா வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. அன்றைய படம் போயிற்று. அஸ்கத்தின் முகம் கறுத்திருந்தது.

"என்னக்கா இது? ஒரு மணி நேரம்! வழியில தூங்கிட்டீங்களா?"

உல்கான் மூச்சு வாங்க மூட்டையை இறக்கினாள். ஹோல்கர் தானே மூட்டையை அவிழ்த்தார். பெட்டியை எடுத்தார். உறைகளை எடுத்தார். அடியில் கை போனது. துண்டு வந்தது. துண்டை விரித்தார். கரடுமுரடான சாம்பல் பாறைகளுக்கு நடுவே, ஆறு உருட்டி வழுவழுப்பாக்கிய கறுப்புக் கற்கள் உருண்டன.

சற்று நேரம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஹோல்கர் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சுற்றிலும் ஏரிக்கரை முழுக்கக் கிடந்த கற்களைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அஸ்கத் சிரித்தான். குபாத்கூடச் சிரித்தான். உல்கானும் உதட்டை விரித்துவைத்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஷம்ஷி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தோளில் சட்டை ரத்தத்தோடு ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்க்கா இதைத் தூக்கிட்டு வந்தீங்க? இது முக்காலி ஆடாம இருக்கக் கனத்துக்குத் தொங்கவிடுறது. பையை மட்டும் கொண்டு வந்தாப் போதும். போற இடத்துல கல்லுக்கா பஞ்சம்?"

"நீங்கதானே தம்பி உள்ள வைக்கச் சொன்னீங்க."

"நான் சொன்னது சாமானை."

"அவரு நிறுத்து நிறுத்துப் பாத்தாரே. எழுதுனாரே."

"அது… அவருக்கு எல்லாத்தையும் நிறுக்கணும்." ஹோல்கர் கேட்டதற்கு அஸ்கத் ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னான். அதில் தன் பெயர் இரண்டு முறை வந்தது மட்டும் அவளுக்குக் கேட்டது. தலையை ஆட்டிக்கொண்டே ஹோல்கர் அவளிடம் வந்து, கையைப் பிடித்துக் குலுக்கினார். மருந்துப்பெட்டியை எடுத்து, தோளுக்கு ஒரு பிளாஸ்திரி கொடுத்தார். கண்களில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒன்பது கல்லையும் ஒரு தட்டைப் பாறைமேல் வரிசையாக அடுக்கினார். கேமராவை விரித்தார். பொழுது சாய்வதற்குள் அவற்றைப் படமெடுத்தாக வேண்டும் என்று பரபரத்தார். உல்கான் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவர் கோட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி அசைத்தார்.

"கொஞ்சம் தள்ளி நிக்கணுமாம்க்கா," என்றான் அஸ்கத். "உங்க நிழல் கல்லு மேல விழுதாம்."

தள்ளி நின்றாள். 'டிக்'.

அஸ்கத் கேமரா மூட்டையைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தான். கற்களைத் துண்டோடு உள்ளே போட்டு மறுபடி பார்த்தான். இருபத்தாறு. கற்களைப் பழையபடி பாறைமேல் வைத்துவிட்டு, செயற்கைக்கோள் போனை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை ஓரமாகப் போய்ப் பேசினான். ஆபீஸோடு பேசுகிறான் என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது.

"என் பேரை எடுத்துருவாங்களாண்ணே?" என்று ஷம்ஷியிடம் கேட்டாள்.

"கல்லைக் கொட்டினவன் பேரை எடுத்தானுங்க. கொட்டாதவ பேரையும் எடுத்தா, அப்புறம் கல்லு பேரைத்தான் எழுதணும்." டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "குடி. தோளுக்கு வெண்ணெய் தடவு, பிளாஸ்திரி நிக்காது."

காலையில் ஷம்ஷி எலும்புகளை எடுத்துக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தபோது அஸ்கத் வந்தான். முகத்தில் நேற்றைய கறுப்பு இல்லை.

"உங்க பேருக்கு ஒண்ணும் ஆகலைக்கா. ஆபீஸ்ல சந்தோஷம். உல்கான் மாதிரி ஆள்தான் வேணும்னாங்க."

அவள் நம்பாமல் பார்த்தாள்.

"இருபத்தாறு தூக்கியிருக்கீங்க. ரெண்டு நாளு. யாருக்கும் தெரியக்கூட இல்லை." அவன் மூன்று மூட்டைகளையும் பார்த்தான். "கிளம்பும்போது அறுபது கிலோ இருந்துச்சு. எட்டு கிலோ சாப்பிட்டாச்சு. மீதி அம்பத்திரண்டு. ரெண்டு இருபத்தாறு." ஒரு மூட்டையின் வாரை இழுத்துப் பார்த்தான். "ரெண்டு பேர் போதும்னு சொல்றாங்க. ஒரு ஆள் இங்கிருந்தே திரும்பிரலாம். இன்னிக்கு வரைக்கும் உள்ள கூலி வந்துரும்."

குபாத் எழுந்து நின்றான். ஷம்ஷியின் கை குலுக்குவதை நிறுத்தியது.

"விதி இருபதுதானே தம்பி," என்றார்.

"முடியாதுன்னா இருபது. முடியும்னு ஆயிருச்சே."

"அது அவ விவரம் தெரியாம தூக்கினது."

"தூக்கினது தூக்கினதுதானே அண்ணே. நான் என்ன பண்றது? நான் சொல்லலை, ஆபீஸ் சொல்லுது." அவன் ஹோல்கரின் பக்கம் பார்த்தான். ஹோல்கர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "ஒரு ஆள் குறைஞ்சா அந்த ஆளோட சாப்பாடும் குறையும். அவருக்கும் சொன்னேன். இதை அவர் யோசிக்கவே இல்லைன்னார். எழுதிக்கிறார்."

"யார் போறது?" என்றார் ஷம்ஷி.

"அக்கா இருக்கணும். கேமரா அவங்ககிட்டத்தான். நீங்க ரெண்டு பேரும்… தினம் உருட்டுறதுதானே. அப்படியே உருட்டிக்குங்க. என்னைச் சொல்லச் சொல்லாதீங்க."

உல்கான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் இருபதுக்கு மேல் தூக்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அப்படிச் சொன்னால் பட்டியலில் என்ன ஆகும் என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது கண்ணெதிரே இருந்தது. நேற்று நடந்ததில் எந்த இடத்தில் தான் தவறு செய்தோம் என்று தேடினாள். கேட்டாள், வைக்கச் சொன்னான், வைத்தாள். ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து எடுத்தாள். அங்கேயா?

கற்கள் வரிசையாக இருந்த அதே தட்டைப் பாறையின்மேல் எலும்புகள் உருண்டன. குபாத்தின் எலும்பு நிமிர்ந்து நின்றது. ஷம்ஷியின் எலும்பு கடைசிக் கல்லில் இடித்து, பக்கவாட்டில் சாய்ந்தது.

"கல்லு இடிச்சிருச்சு," என்றாள் உல்கான். "மறுபடி போடுங்கண்ணே. அது கணக்கில்ல."

"விழுந்தது விழுந்ததுதான்." அவர் எலும்புகளைப் பொறுக்கி, ஒன்றை ஊதித் துடைத்து, மூன்றையும் அவள் கோட்டுப் பையில் போட்டார். "ரெண்டு பேருக்கு இது தேவையில்ல. வெச்சுக்கோ. ஊருக்கு வந்து குடு."

அஸ்கத் மூட்டைகளைப் பிரித்துக் கட்டினான். தராசைக் கூடாரக் கழியில் மாட்டித் தொங்கவிட்டான். முள் ஆடி நின்றது. முழங்கையால் பழைய எண்ணைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுதினான். குபாத் குனிந்து வாரை மாட்டிக்கொண்டு எழுந்தான். முதல் அடியில் தடுமாறினான். உல்கான் உட்கார்ந்து வாருக்குள் கையை விட்டாள். வெண்ணெய் தடவிய இடத்தில் வார் சரியாகப் போய் உட்கார்ந்தது. நேற்று ஏறி வந்த அதே கனம். கற்கள் பாறைமேல் இருந்தன.

கணவாய்ப் பாதையில் பத்தடி ஏறி, திரும்பிப் பார்த்தாள். ஷம்ஷி நேற்று வந்த சரளைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். முதுகில் போர்வைச் சுருள்கூட இல்லை. அதை இடுப்பில் கட்டியிருந்தார். இறக்கத்திலும் அவர் உடம்பு முன்னால் வளைந்தே இருந்தது. இரண்டு கட்டைவிரல்களும் மார்புக்கு நேராக, வார் இருக்க வேண்டிய இடத்தில், கோட்டை இறுகப் பிடித்திருந்தன.